குடைகளுக்குள் நான்கு வருடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சின் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களைப் பற்றி யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே ஒரு வரி வந்துவிடும்: வெளியே போய் நின்றார்கள், வெளிச்சம் மாறுவதற்குள் கண்ணில் பட்ட கணத்தை அப்படியே துணியில் ஏற்றினார்கள். நானும் பல வருடம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். லண்டன் நேஷனல் கேலரியின் ஆய்வுக்கூடக்காரர்கள் தங்கள் சேகரிப்பில் உள்ள படங்களை எக்ஸ்-ரே எடுத்து, துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து எழுதியதை (1990இல் அதை ஒரு கண்காட்சியாகவே வைத்தார்கள்) படிக்க ஆரம்பித்த பிறகு அந்த வரியைச் சொல்ல வாய் கூசுகிறது. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படத்துக்குப் படம் கதை மாறுகிறது.

ரென்வாரின் 'குடைகள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுயரப் படம். மழை விட்டதா, வரப்போகிறதா என்று தெரியாத ஒரு பாரிஸ் தெரு, மேலே முழுக்கக் குடைகள். வலது பக்கம் ஒரு அம்மாவும் இரண்டு சிறுமிகளும், இடது பக்கம் கையில் கூடையோடு தலையில் எதுவும் இல்லாத ஓர் இளம்பெண். ஒரே நொடியில் எல்லோரும் ஒரே தெருவில் நிற்கிற மாதிரிதான் இருக்கும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஏதோ இடிக்கும். வலது பக்கத்து ஆட்கள் இறகால் தடவிய மாதிரி மெத்தென்று இருக்கிறார்கள். இடது பக்கத்துப் பெண்ணோ கோடு போட்டு வெட்டி எடுத்த மாதிரி கறாராக நிற்கிறாள்.

எக்ஸ்-ரேயில் காரணம் தெரிந்துவிட்டது. ஈய வெள்ளை கலந்த இடமெல்லாம் எக்ஸ்-ரேயைத் தடுத்து வெளுப்பாகத் தெரியும் என்பதால், மேலே வேறு சாயம் பூசியிருந்தாலும் அடியில் முன்பு வரைந்த உருவம் எட்டிப் பார்க்கும். அந்த இளம்பெண் முதலில் தொப்பி போட்டிருந்தாள், பாவாடையில் வரிசை வரிசையாகச் சுருக்கு மடிப்பு, கழுத்திலும் மணிக்கட்டிலும் வெள்ளை லேஸ். வசதியான வீட்டுப் பெண். பிறகு ரென்வார் அதையெல்லாம் அழித்துவிட்டுச் சாதாரண உடை மாட்டி, வேலைக்குப் போகிற பெண்ணாக ஆக்கிவிட்டார்.

சரி, எவ்வளவு நாள் கழித்து? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. குண்டூசித் தலையை விடச் சிறிய ஒரு துணுக்கைப் பிசினில் பதித்து, பக்கவாட்டில் தேய்த்து மெருகேற்றிப் பார்த்தால் சாய அடுக்குகள் மண் அடுக்கு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். முதல் கட்ட வேலையில் கோபால்ட் நீலம், இரண்டாம் கட்டத்தில் செயற்கை அல்ட்ராமரீன் நீலம். நடுவில் மனுஷன் நீலத்தையே மாற்றிவிட்டார். உடை நாகரிகம் தெரிந்தவர்கள் பார்த்து, வலது பக்கத்து உடைகள் 1881-82 வாக்கில் வந்தவை, இடது பக்கத்து உடை 1885-86 வாக்கில் வந்தது என்கிறார்கள். ஆக, ஒரே மழைக்கு ஒதுங்கி நிற்பதாக நாம் நினைத்த கூட்டத்துக்குள் ஏறத்தாழ நான்கு வருடம் ஒளிந்திருக்கிறது. நடுவில் அவர் இத்தாலிக்குப் போய் வந்து, பழைய ஓவியர்களைப் பார்த்துத் தன் கைப்பழக்கத்தின்மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

இதற்கு நேரெதிர் மோனேயின் 'ட்ரூவீல் கடற்கரை'. 1870 கோடையில் வரைந்த சின்னப் படம். கடற்கரையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஒரு காலி நாற்காலி. அந்தச் சாயத்துக்குள் மணல் துகள்களும் கிளிஞ்சல் துணுக்குகளும் ஒட்டிக் காய்ந்துபோய்க் கிடக்கின்றன. காற்று அடித்திருக்கிறது, ஈரச் சாயத்தில் மணல் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். கடற்கரையில் உட்கார்ந்துதான் வரைந்தார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எந்தக் கலை விமர்சகரும் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

அதே மோனே 1877இல் வரைந்த, பாரிஸின் சான் லசார் ரயில் நிலையப் படத்தில் வேறு வேடிக்கை. கரி, புகை, இரும்புக் கூரை. இதற்குக் கருப்பும் பழுப்பும்தானே போதும் என்று நினைப்போம். அந்த மங்கலான சாம்பல் நிறத்தைச் சோதித்தால் உள்ளே கோபால்ட் நீலம், செருலியன் நீலம், அல்ட்ராமரீன், மரகதப் பச்சை, விரிடியன் பச்சை, வெர்மிலியன் சிவப்பு, கருஞ்சிவப்பு எல்லாம் குழைந்து கிடக்கின்றன. மண் நிறங்கள் அநேகமாக இல்லை, கருப்பு மிக இருண்ட இடங்களில் மட்டும் துளி. பெட்டியில் இருந்த பளிச்சென்ற சாயங்களையெல்லாம் சேர்த்து அழுக்கை உண்டாக்கியிருக்கிறார். பலவும் அந்த நூற்றாண்டில் ஆலைகளில் தயாராகி வந்த புதுச் சரக்கு. கல்லூரியில் நான் உருப்போட்ட கோபால்ட், குரோமியம் சேர்மங்கள் இவை. பரீட்சை முடிந்ததும் மறந்துபோனவற்றை இப்படித் திரும்பச் சந்திப்பேன் என்று நினைக்கவில்லை.

அப்புறம் சிகாகோ. அங்குள்ள ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் ரென்வார் 1883இல் வரைந்த 'மதாம் லியோன் கிளாபிசோன்' உருவப்படம் இருக்கிறது. பின்னணி குளிர்ந்த நீலச் சாம்பலாகத் தெரியும். சட்டத்தைக் கழற்றியபோது, வெளிச்சமே படாமல் சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தில் நல்ல அடர் சிவப்பு! கண்ணுக்குத் தெரியாத அளவு எடுத்து, வெள்ளி நுண்துகள்களோடு சேர்த்து லேசர் அடித்துப் பார்த்தார்கள். லேசர் பட்டதும் சாய மூலக்கூறு தன் அடையாளமாகச் சிதறித் தரும் ஒளி சாதாரணமாக மிக மெலிவானது, வெள்ளி அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும். இந்த முறையை 1970களில் உருவாக்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் வான் டைனும் இந்த ஆய்வில் இருந்தார். விடை: காச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பு. வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் சாயம். நூறு வருடத்துக்கு மேலாக எல்லோரும் பார்த்து ரசித்த அமைதியான நீலம், சிவப்பு போனதால் மிஞ்சியது.

அசல் படத்தில் கை வைக்காமல், கணினியில் மட்டும் பழைய நிறத்தை மீட்டு, 2014இல் இரண்டையும் சேர்த்துக் காட்சிக்கு வைத்தார்கள். அதுதான் சரி, அசலின் மேல் தூரிகை எடுத்துப் போயிருந்தால் நான் இங்கே வேறு மாதிரி எழுதியிருப்பேன். இணையத்தில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். ரென்வார் வரைந்தது இந்தச் சிவப்பைத்தான் என்று வேதியியல் சொல்கிறது, எனக்கும் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் என் கண் திரும்பத் திரும்ப அந்த வெளுத்த படத்துக்கே போகிறது.