வகிட்டுக்குக் குறுக்கே ஒரு கயிறு

ஜூன் 3, 2025, செவ்வாய். கண்டி

நகை செய்யும் வகுப்பில் பருவ வேலைக்கான தலைப்பு இன்று கிடைத்தது. வீட்டில் ஒருவர் தினமும் உடம்பில் சுமக்கிற ஒன்றை எடுத்து, அதிலிருந்து அணியக்கூடிய ஒரு பொருள் செய்ய வேண்டும். ஏழு வாரம். தங்கம், வெள்ளி என்றில்லை. துணி, இறப்பர், கடதாசி எதுவும் ஆகும்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். மத்தியானத்துக்குள் வரைந்து முடித்துவிட்டேன். ரெண்டு இலை, ஒரு மொட்டு, வெள்ளியில் ஒரு புரோச். மிஸ் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த இலை உங்க அம்மா உடம்பில் எந்த இடத்தில் படுது?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கண்டியில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற கடைகளில் இதே இலையைப் பார்த்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஜூன் 6, வெள்ளி

இன்றைய வகுப்பை நான் மறக்க மாட்டேன்.

முதலில் சுவிஸ்காரரான ஒட்டோ குன்ஸ்லி 1980இல் செய்த ஒரு காப்பு. கறுப்பு இறப்பர் குழாய், அதற்குள் ஒரு தங்க உருண்டை. வெளியே ஒரு புடைப்பு மட்டும்தான் தெரியும். இறப்பர் தேய்ந்து கிழியும்வரை உள்ளே தங்கம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு போட்டிருக்க வேண்டியதுதான். எனக்கு வீட்டு பிஸ்கட் டின்னில் இருக்கும் அடகுச் சீட்டு நினைவுக்கு வந்தது. 2022இல் சாமான் விலை எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போனபோது அம்மாவின் சங்கிலி ஹட்டனில் அடகுக்குப் போனது. இன்னும் வட்டிதான் கட்டுகிறோம். எங்கள் வீட்டுத் தங்கத்தையும் நாங்கள் நம்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அப்புறம் நெதர்லாந்தின் கைஸ் பாக்கர். 1973இல் மெல்லிய தங்கக் கம்பியைக் கையிலும் உடம்பிலும் இறுக்கிக் கட்டினார். கம்பியைக் கழற்றினால் தோலில் ஒரு பள்ளம் பதிந்திருக்கும். அந்தத் தடம்தான் நகை, கம்பி வெறும் கருவி. படத்தில் அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் தலை ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மிஸ் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஜூன் 8, ஞாயிறு. வீடு

நேற்று ரயிலில் வந்தேன். வட்டவளையிலிருந்தே மழை. ஹட்டனில் இறங்கி நோர்வூட் பஸ் பிடித்து, லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்து சேரும்போது இருட்டிவிட்டது.

இன்று அம்மாவுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரினேன். பத்து வயதிலிருந்து செய்கிற வேலை, இன்றுதான் கண்ணால் பார்த்தேன். உச்சிக்கும் நெற்றிக்கும் நடுவில், விரல் அகலத்துக்கு முடி இல்லை. இருக்கிற முடியும் பூனைமயிர் மாதிரி. அந்த இடத்தில் விரலை வைத்தால் ஒரு வாய்க்கால் போல இறங்குகிறது. கல்யாணத்தன்று போடும் நெற்றிச்சுட்டி வகிட்டோடு நீளமாக ஓடும். முதுகில் தொங்குகிற கொழுந்துக் கூடையைத் தலையில் தாங்குகிற கயிறு அதே வகிட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. மூங்கில் கூடை போய் பிளாஸ்டிக் கூடை வந்தும் கயிறு மாறவில்லை. நிறுவைக்கு முன்னால் பத்து, பன்னிரண்டு கிலோ பச்சைக் கொழுந்து அந்த ஒரு கோட்டில்தான் தொங்கும். இருபத்து மூன்று வருடம்.

"வலிக்குதாம்மா?"

"இப்ப வலிக்கல. மழையில கயிறு நனைஞ்சா அறுக்கும்."

பாக்கருடைய தடம் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். இது மறையாது.

ஜூன் 12, வியாழன். கண்டி

மிஸ்ஸிடம் சொன்னேன். அவருக்குப் பிடித்துப் போயிற்று. அம்மாவின் தலையைப் பெரிய படமாக எடுத்துச் சுவரில் மாட்டலாம், அதுவே போதும் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பாக்கர் கட்டியது விரும்பிக் கட்டிக்கொண்ட கம்பி. அம்மா அந்தத் தடத்தைக் கேட்டு வாங்கவில்லை. அதைப் படம் பிடித்து அழகு என்று பெயர் வைக்க நான் யார்? பழைய சிலோன் அஞ்சலட்டைகளில் கூடையோடு நிற்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயர்கூட அதில் இருக்காது.

அந்தக் கயிறு அறுக்காமல் இருக்க ஏதாவது செய்வேன். அதுவும் நகைதான். மிஸ்ஸோடு நெடுநேரம் பேசினேன். கடைசியில் "சரி, செய்" என்றார்.

ஜூன் 19, வியாழன்

செப்புத் தகடு, 0.8 மில்லிமீற்றர் தடிப்பு. நீளம் 18 சென்ரிமீற்றர், அகலம் 5. கயிறுக்கும் தலைக்கும் நடுவில் உட்கார வேண்டும். சுமை ஒரு கோட்டில் இறங்காமல் அகலத்துக்குப் பரவ வேண்டும்.

செம்பு அடிக்க அடிக்க முறுகும். விளக்கை அணைத்துவிட்டு, தகடு மங்கலாகச் சிவக்கும்வரை சூடு காட்டி, தண்ணீரில் போட்டால் திரும்ப இளகும். இன்று ஆறு தடவை இளக்கினேன். என் பக்கத்து மேசைத் தோழி நத்தாரம்பொத்தை ஆள், தலைமுறையாக உலோக வேலை செய்கிற ஊர். சுத்தியலை இறுக்கிப் பிடிக்காதே, விழ விடு என்று கையைப் பிடித்துக் காட்டினாள். கண்டிய மணப்பெண்ணின் நலல்பட்டவை, நெற்றியில் கட்டுகிற அந்தப் பட்டத்தை, அவள் வீட்டில் செய்வார்களாம். தகட்டின் ஓரத்தை உருட்டி மடிக்கிற விதம் அவளிடம் கற்றது. ஓரம் கூராக இருந்தால் கயிறை விட மோசமாக அறுக்கும்.

ஜூலை 5, சனி. வீடு

அம்மா அதைத் தலையில் வைத்து, மேலே கயிறைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார். நானும் தேயிலைச் செடி நிரையில் கூடவே நின்றேன். குனியும்போதெல்லாம் தகடு பின்னால் நழுவியது. அம்மா ஒரு கையால் தள்ளி வைத்துக்கொண்டார். அந்த ஒவ்வொரு தடவையும் கொழுந்து குறைகிறது. கிலோ குறைந்தால் முழுச் சம்பளத்துக்குப் பேர் போட மாட்டார்கள் என்று எனக்குப் பதறியது.

காலை நிறுவையில் தகட்டைத் தூக்கினால், தலையில் பச்சைப் பட்டை! தேங்காய் எண்ணெயும் வியர்வையும் செம்பைத் தின்றிருக்கின்றன. பக்கத்து நிரை அக்கா, "என்னா, தலையில பாசி புடிச்சிருக்கு?" என்று கேட்க எல்லாரும் கூடிவிட்டார்கள்.

அம்மா சொன்னது இவ்வளவுதான்: "நழுவுது. ஆனா அறுக்கல புள்ள."

ஜூலை 9, புதன். கண்டி

ஆச்சி காலத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அதுதான் வழி. தகட்டைச் சூடாக்கி, ஈயம் ஒட்டுவதற்கான நவச்சார உப்பைத் தூவி, வெள்ளீயத்தை வைத்தேன். 232 பாகை செல்சியஸில் உருகி ஓடியது. பஞ்சால் ஒரே இழுப்பு. உட்பக்கம் முழுக்க நிலவு மாதிரி ஆகிவிட்டது. இனிப் பச்சை இறங்காது. ஓரத்தில் வரிசையாகத் துளையும் போட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு. வீடு

துளைகள் வழியாகத் துணி தைத்தோம். எந்தத் துணி நழுவாது என்று எனக்குத் தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரிந்தது. துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திச் சேலையின் முந்தானை. தையலும் அவர்தான். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு நாளையிலிருந்து அவரே போட்டுக்கொண்டு போவதாகச் சொன்னார், நான் கேட்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி. கண்டி

இன்று எங்கள் பருவ வேலைகளைப் பார்வையிட்டார்கள். நேற்று மாலை தம்பி ரயிலில் கொண்டுவந்து கொடுத்தான். பத்து நாள் வேலை செய்த தகடு. செம்பு முழுக்கக் கறுத்துப் பழுப்பேறி, துணியில் கொழுந்துக் கறை. மேல்பக்கம் கயிறு உரசிய இடத்தில் மட்டும் குறுக்காக ஒரு கோடு, விரல் அகலம், பளபளவென்று. நான் எதையும் தேய்க்கவில்லை, துடைக்கவுமில்லை.

வெளியிலிருந்து வந்த நடுவர் கையில் எடுத்து, அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவிப் பார்த்தார். கண்காட்சிக்கு இரண்டு மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

இரவு அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சந்தோஷப்பட்டார்.

"ரெண்டு மாசமா? அவங்களுக்கு வேற ஒன்னு அடிச்சுக் குடு. எனக்கு அது திங்கக்கெழம பெரட்டுக்கு முன்னாடி வேணும்."

நாளை முதல் ரயிலில் போகிறேன்.