தீர்மான நம்பர் 15: ஒரு கிராம சபை அனுபவம்

எங்கள் கொட்டாயில் 34 வீடுகள். பென்னாகரம் பக்கம், பஸ் போகும் ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே. தர்மபுரி மாவட்டத்தில் தாய்க் கிராமத்தை விட்டுத் தள்ளி, காட்டோரம் இருக்கும் சின்னக் குடியிருப்பைக் கொட்டாய் என்றுதான் சொல்வோம். 2023 வரை எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஒரு கைப்பம்பும், போர்வெல்லில் இருந்து ஏற்றும் ஒரு சின்டெக்ஸ் தொட்டியும்தான்.

எங்கள் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது என்பார்கள். எங்கள் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தாலே போதும், எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். பல்லில் காவிக் கறை ஏறியிருக்கும். என் மாமியாருக்கு ஐம்பத்தைந்து வயதிலேயே முட்டி மடங்கவில்லை. களி கிண்டக்கூட உட்கார முடியாமல் நின்றுகொண்டே கிண்டுவார். இந்தக் கொடுமைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். எங்கள் ஊராட்சியின் தாய்க் கிராமத்துக்கு அந்தத் தண்ணீர் வந்துவிட்டது. அங்கிருந்து எங்கள் கொட்டாய்க்கு முக்கால் கிலோமீட்டர் பைப் போடவேண்டும். அந்த முக்கால் கிலோமீட்டருக்காக நாங்கள் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

2022 ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நானும் எங்கள் மகளிர் குழுவில் ஏழு பேரும் போனோம். அதற்கு முன் நான் கிராம சபைக்குப் போனதே இல்லை. கொரோனா காலத்தில் கூட்டமே பல தடவை நடக்கவில்லை. அதற்கும் முன்னால், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள் என்று மட்டும் தெரியும். அன்றைக்கு எனக்கு மைக் கொடுத்தார்கள். ஐந்து நிமிஷம் பேசினேன். மாமியார் கதையையும் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். "கண்டிப்பா செஞ்சிடலாம்மா" என்றார் தலைவர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காரியம் முடிந்தது என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தோம்.

பக்கத்துக் கொட்டாயில் ஒரு பெரியவர் இருக்கிறார். அரசு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனாம் நம்பர் தீர்மானம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தீர்மானத்துக்கு நம்பர் உண்டு என்பதே அன்றுதான் தெரியும்.

அவர் சொல்லித்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, ஒன்றிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். '15.08.2022 அன்று நடந்த கிராம சபையின் தீர்மானப் புத்தக நகல், வருகைப் பதிவேட்டு நகல்' என்று அது மட்டும் கேட்டேன். முப்பது நாளைக்குள் பதில் தரவேண்டும். தந்தார்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி வாங்கினேன். மொத்தம் 17 தீர்மானங்கள். டெங்கு தடுப்பு இருந்தது, பிளாஸ்டிக் ஒழிப்பு இருந்தது. எங்கள் தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும் என் கையெழுத்து அழகாக இருந்தது. அந்தப் பதினேழையும் நானும் ஆமோதித்தது போல ஆகிவிட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2. அதற்குள் விதிமுறைகளைப் படித்துவிடுவது என்று முடிவு செய்தேன். பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று சாயங்காலம் படித்தோம். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோருமே கிராம சபையின் உறுப்பினர்கள். யாரும் நம்மை அழைத்த விருந்தாளியாக நினைக்க முடியாது. நாம் இருந்தால்தான் அது சபை. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டும் உட்காரும் ஊராட்சி மன்றக் கூட்டம் வேறு, கிராம சபை வேறு. இரண்டின் தீர்மானங்களையும் தனித்தனியாகப் பதிவு செய்யவேண்டும். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், நானும் குழம்பினேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்தது, மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து இப்போது ஆறு நாள். ஏழு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்கவேண்டும். கோரம் என்று ஒன்று உண்டு: மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வரவேண்டும். எங்கள் ஊராட்சிக்கு 200. வரவு செலவைப் படிவம் 30-ல் எழுதி மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். மதம் சார்ந்த எந்த வளாகத்திலும் கூட்டம் நடத்தக் கூடாது.

அந்தக் கடைசி விதி எங்களுக்கு உடனே கைகொடுத்தது. அக்டோபர் கூட்டம் மாரியம்மன் கோயில் வாசலில் என்று முதலில் சொன்னார்கள். பெரியவர் ஊராட்சி அலுவலகம் போய், விதியை எடுத்துச் சொல்லி, பள்ளி வளாகத்துக்கு மாற்ற வைத்தார். இது சின்ன விஷயம் இல்லை. கோயில் வாசல் என்றால் காலனியில் இருந்து வருகிறவர்கள் தள்ளித் தள்ளியே நிற்பார்கள். பள்ளி என்றதும் அவர்களும் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் தெருவிளக்குப் பிரச்சினை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காதில் விழுந்தது.

அடுத்தது மனு. கூட்டத்தில் எழுந்து பேசுவதைவிட, கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுப்பதுதான் முக்கியம் என்பது ஆகஸ்டில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் இருக்கவேண்டும். ரோடு, ரேஷன், தண்ணீர் மூன்றையும் ஒன்றாக எழுதினால் எதுவும் தனித் தீர்மானமாக வராது. நாங்கள் தண்ணீரை மட்டும் எழுதினோம். வீடுகள் எத்தனை, வாக்காளர்கள் எத்தனை, பைப் எங்கிருந்து எங்கே வரை, எவ்வளவு தூரம். கடைசியில் தீர்மான வாசகத்தையும் நாங்களே எழுதினோம்: 'மேற்படி குடியிருப்பில் உள்ள 34 வீடுகளுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வழங்க 750 மீட்டர் குழாய் அமைக்கும் பணியை மேற்கொள்ள இக்கிராம சபை தீர்மானிக்கிறது.' இரண்டு பிரதி எடுத்து, செப்டம்பர் 21-ம் தேதி ஊராட்சிச் செயலரிடம் கொண்டுபோனேன்.

"கூட்டத்துலயே கொடுங்கக்கா, பாத்துக்கலாம்" என்றார்.

"இல்ல தம்பி, அஜெண்டாவுல சேரணும். இந்தக் காப்பியில பெற்றுக்கொண்டேன்னு எழுதி சீல் வெச்சுக் குடுங்க."

கொஞ்ச நேரம் தயங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தெருவிளக்கு, வீட்டு வரி, நூறு நாள் வேலை, மோட்டார் ரிப்பேர் என்று ஒன்பது கொட்டாய்க்கும் அவர் ஒருவர்தான் ஓடுகிறார். கடைசியில் தேதி போட்டு சீல் வைத்துக் கொடுத்தார். அந்தச் சீல்தான் பிற்பாடு பேசியது.

ஆள் சேர்ப்பதுதான் பெரிய பாடு. எங்கள் கொட்டாயில் பாதிப்பேர் பெங்களூரில் கட்டட வேலை, மீதியில் சிலர் ஓசூரில் கம்பெனி வேலை. நல்லவேளையாக அந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் 4. சனிக்கிழமையே ஊருக்கு வந்துவிடுங்கள், ஞாயிறு கூட்டத்துக்கு இருக்கவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டோம். இரண்டு டாட்டா ஏஸ் பேசி 71 பேர் போனோம். முட்டி மடங்காத மாமியாரும் வந்தார்.

கூட்டம் தொடங்கியதும் செயலர் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். வேகமாகத்தான் படித்தார். ஆறாவது வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சியின் எல்லா வீடுகளுக்கும் குழாய் இணைப்பு கொடுக்கப்பட்டுவிட்டது, அதை இந்தச் சபை உறுதி செய்கிறது என்று இருந்தது. வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பதுதான் அந்தத் திட்டம். ஒரு கிராமம் முழுமையாக இணைப்புப் பெற்றது என்று சான்று கிடைக்க, கிராம சபையே தீர்மானம் போடவேண்டும். நாங்கள் கேட்பது குழாய். அங்கே வாசிக்கப்படுவது, குழாய் போட்டாகிவிட்டது என்ற எங்கள் சம்மதம். வாய் மூடி இருந்திருந்தால், அதற்கப்புறம் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் 'உங்க ஊர் சபையே எழுதிக் குடுத்திருக்கே' என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

எழுந்து நின்றேன். கால் நடுங்கியது. "சார், எங்க கொட்டாயில 34 வீட்டுக்கும் குழாய் இல்ல. இந்தத் தீர்மானத்த நாங்க ஒத்துக்கல" என்று பற்றாளரைப் பார்த்துச் சொன்னேன். கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலரைப் பற்றாளர் என்பார்கள். தலைவர், "அது பொதுவா போடறதும்மா, உங்களுக்குத் தனியா செய்யலாம்" என்றார். பற்றாளர் ரொம்பப் பொறுமையானவர். "அந்தக் குடியிருப்புல இருந்து வந்தவங்க கை தூக்குங்க" என்றார். 71 கை உயர்ந்தது. காலனிக்காரர்களும் எங்களுக்காகத் தூக்கினார்கள். அங்கேயே திருத்தி, எங்கள் கொட்டாயின் 34 வீடுகளுக்கு இன்னும் இணைப்பு வழங்கவேண்டியுள்ளது என்று சேர்த்து எழுதினார்கள்.

எங்கள் மனு பதினைந்தாவதாக வரவேண்டியது. அதை எடுக்காமல் கூட்டத்தை முடிக்கப் பார்த்தபோது, சீல் வைத்த பிரதியைப் பெரியவர் பற்றாளரிடம் நீட்டினார். அதற்கப்புறம் யாரும் மறுக்கவில்லை. எழுதி முடித்ததும், "படிச்சுக் காட்டுங்க தம்பி" என்று கேட்டேன். 'குழாய் அமைக்கும் கோரிக்கை பரிசீலிக்கப்படும்' என்று எழுதியிருந்தார். பரிசீலிக்கப்படும் என்றால் யார், எப்போது, என்ன? அந்த ஒரு சொல்லுக்காகப் பத்து நிமிஷம் நின்றோம். கடைசியில் எங்கள் மனுவில் இருந்தபடியே '750 மீட்டர்', '34 வீடுகள்', 'தீர்மானிக்கிறது' எல்லாம் ஏறியது. பிற்பாடு எதையும் சேர்த்து எழுதாமல் இருக்க, கடைசி வரிக்குக் கீழே கோடு போடச் சொன்னோம். தலைவர் கையெழுத்துப் போட்டதும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டோம். நாங்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது அதற்கு அப்புறம்தான். ஆகஸ்டில் உள்ளே நுழைந்ததுமே போட்டிருந்தோம். இந்தத் தடவை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்.

தீர்மானம் ஏறியதோடு தண்ணீர் வந்துவிடவில்லை. தீர்மான நம்பரைக் குறிப்பிட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு மனு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டருக்கு ஒரு மனு. கலெக்டர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், அதனால் இப்படிப்பட்ட மனுவை அவரிடம் கொடுப்பது பொருத்தம். இந்த முறை மனுவில் கதை எதுவும் எழுதவில்லை. 'கிராம சபைத் தீர்மானம் எண் 15, நாள் 02.10.2022' என்று தொடங்கி நாலே வரி. கவுன்டரில் இருந்தவர் அந்த நம்பரைப் பார்த்ததும் வாங்கிய விதமே வேறாக இருந்தது. நவம்பர் 1 கூட்டத்தில், போன தீர்மானத்தின் மேல் என்ன நடவடிக்கை என்று கேட்டோம். எஸ்டிமேட் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அதையும் எழுத வைத்தோம். ஜனவரியிலும் கேட்டோம். 2023 ஆனி மாதத்தில் பைப் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள். முதல் குடத்தை மாமியார்தான் பிடித்தார். குழாயைக் குனிந்து திறக்க முடியாததால் என் மகள் திறந்துவிட்டாள்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 ஜனவரி 5-ம் தேதியோடு எங்கள் தலைவர், உறுப்பினர்கள் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் பொறுப்புக்குப் போனது. அதனால் கிராம சபை நின்றுவிடும் என்று சிலர் நினைத்தார்கள். நிற்கவில்லை, அந்த ஜனவரி 26-ம் தேதியே கூட்டம் நடந்தது. வார்டு உறுப்பினர் இல்லாத காலத்தில் நம் குரலுக்கு அந்தத் தீர்மானப் புத்தகத்தை விட்டால் வேறு இடம் இல்லை. போகாமல் இருந்துவிடாதீர்கள்.

எங்களுக்கு இன்னும் ஒரு பிரச்சினை இருக்கிறது. கோடையில் ஒகேனக்கல் தண்ணீர் குறைந்தால், அதே மேல்நிலைத் தொட்டியில் போர்வெல் தண்ணீரையும் கலந்து ஏற்றுகிறார்கள். கலக்காமல் இருக்கத் தனித் தொட்டி வேண்டும், தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கையைச் சபையில் படிக்கவேண்டும் என்று இரண்டு மனு எழுதியிருக்கிறோம், தனித்தனியாக. இரண்டுக்கும் சீல் வாங்கியாகிவிட்டது. பெங்களூரில் இருப்பவர்களுக்குப் போன் போட ஆரம்பித்திருக்கிறேன்.