பால்வெட்டு இல்லாத நாட்கள்

ஜூன் 6
விடியற்காலை முதல் மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. பேத்தி குட்டி திண்ணையிலிருந்து கிணற்றடிக்கு ஓடினாள், பாதியிலேயே குந்திவிட்டாள்.

ஜூன் 7
தங்கை வந்திருந்தாள். "பிள்ளை எப்போது பார்த்தாலும் குந்துகிறதே அண்ணா, வயிற்றில் பூச்சியோ?" என்றாள். பூச்சி இல்லை. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியும் குறுகல். முழங்காலை மடக்கிக் குந்தினால் கால் பக்கம் ரத்தம் எளிதில் இறங்காது. அந்த நெருக்கத்தில் நுரையீரலுக்குப் போகும் ரத்தம் சற்றுக் கூடும், மூச்சு தெளியும். யாரும் சொல்லித் தராமல் இவளாகப் பழகிக்கொண்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பூச்சி மருந்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 11
ஹெலன் டாசிக்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1898இல் அமெரிக்காவில் பிறந்தவர். ஹார்வர்டில் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் கிடையாது என்பதால் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போய் 1927இல் டாக்டரானார். பிறகு காது மந்தமாகிவிட்டது. குழந்தைகளின் இதயத்துக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு! நெஞ்சில் கை வைத்து, விரலாலேயே துடிப்பை அறியப் பழகிக்கொண்டார்.

பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் திறந்திருக்கும்வரை இவளைப் போல நீலம் பாயும் குழந்தைகள் தேவலையாக இருப்பதையும், அது மூடியதும் மோசமாவதையும் கவனித்தார். அப்படியானால் செயற்கையாக ஒன்றை அமைத்தால் என்ன? அந்தக் குழாயைக் கட்டி மூடுவதில் பேர்பெற்ற பாஸ்டன் டாக்டரிடமே போய்க் கேட்டார். அவர் அசையவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அறுவை மருத்துவர் பிளேலாக் ஒத்துக்கொண்டார். நாய்களில் செய்து பார்த்து முறையைக் கண்டவர் விவியன் தாமஸ். வங்கி திவாலாகிச் சேமிப்பு போனதால் மருத்துவம் படிக்கும் ஆசையையே கைவிட்ட கறுப்பின உதவியாளர். 1944 நவம்பர் 29, பதினைந்து மாதப் பெண் குழந்தை. கைக்குப் போகும் குழாயைத் திருப்பி நுரையீரல் குழாயில் தைத்தார்கள். பிளேலாக்கின் பின்னால் படி போட்டு ஏறி நின்று தாமஸ் வழி சொன்னார்.

அந்தக் குழந்தை இரண்டு வயதைக் காணவில்லை. மகளிடம் இதைச் சொல்லவில்லை. மூன்றாவதாகச் செய்துகொண்ட ஆறு வயதுப் பையனின் உதடு மேசையிலேயே சிவந்ததை மட்டும் சொன்னேன்.

ஜூன் 12
நகம் நேற்றைவிடக் கறுப்பு. அல்லது வோல்டேஜ் குறைவு.

ஜூன் 16
தங்கை மண்டைக்காட்டில் வெடிவழிபாடு நேர்ந்திருக்கிறாளாம். பிள்ளையையும் கொண்டுபோக வேண்டுமாம். வெடிச் சத்தத்தில் இவள் வீரிட்டு அழுது மூச்சு முட்டினால் அம்மனா வந்து முழங்காலை மடக்கிப் பிடிப்பாள்? கத்திவிட்டேன். சாயங்காலம் பணம் கொடுத்தனுப்பினேன், அவளே போய்ப் போடட்டும்.

ஜூன் 19
இரவு. தூங்கும் பிள்ளையின் நெஞ்செலும்புக்கு இடப்பக்கம் விரல் வைத்தேன். பூனை தொண்டைக்குள் உறுமுவது போல அதிர்வு, துடிப்புக்குத் துடிப்பு. குறுகலான வழியில் ரத்தம் முண்டியடித்துக்கொண்டு போகிறது. திருவனந்தபுரத்து டாக்டரம்மா சொன்னார்: நீலம் பாய்ந்து மூச்சு முட்டும்போது இந்த இரைச்சல் குறையும், சிலசமயம் கேட்கவே கேட்காது, வழி இறுகிவிடுவதால். நான் இரைச்சல்தான் நோய் என்று நினைத்திருந்தேன். இப்போது அது இருக்கிறதா என்று பார்க்கத்தான் எழுந்து எழுந்து வருகிறேன்.

"அப்பா, கையை எடுங்கள், விழித்துவிடுவாள்." மகளும் தூங்கவில்லை.

ஜூன் 22
சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள். பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தோடு இதயத்துக்குப் போய்விடக்கூடும், ஆபரேஷனுக்கு முன் எடுத்தே ஆகவேண்டும். ஒரு மட்டிப்பழத்துக்கு வாயைத் திறந்தாள். முடிந்ததும், "பாட்டா, இரண்டு" என்றாள்.

ஜூன் 24
காலையில் வந்தது. எதற்கோ அழுதாள், உதடு கறுத்தது. மகள் முழங்கால்களை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் விரலை வைத்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

பிறகு வந்தது.

ஜூன் 25
ஆகஸ்ட் என்றிருந்த தேதி அடுத்த வாரத்துக்கு வந்துவிட்டது. இதற்கு மகிழ்வதா?

ஜூன் 27
டாசிக் ஓய்வுபெற்ற பின்னும் சும்மா இருக்கவில்லை, பறவைகளின் இதயக் குறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1986இல் கார் விபத்தில் இறந்தார், 87 வயது. எத்தனை பிள்ளைகளைப் பிழைக்க வைத்தவர். கார் விபத்து!

இப்போது ஒட்டுக்குழாயோடு நிறுத்துவதில்லை. ஓட்டையை அடைத்து, குறுகிய வழியை அகலமாக்குவார்கள். அதுவரை இதயத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள். போனில் மருமகனிடம் இதைச் சொன்னதும் லைன் போய்விட்டது. அல்லது அவரே வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

ஜூன் 30
ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கத் திருவனந்தபுரம் வருகிறவர்கள் களியக்காவிளையில் பஸ் மாறட்டும். வெறும் வயிற்றில் வரக்கூடாது, அடையாள அட்டை வேண்டும். பெயின்டர் பையன் தானாகவே வருகிறேன் என்றான். ஆனால் எலும்பும் தோலுமாக இருக்கிறான், 45 கிலோ தேறுவானா என்பது சந்தேகம். பால்வெட்டுக்காரரின் மூத்த மகனைக் கேட்க வேண்டும்