ஓஷினைத் தேடி யாமகாட்டாவுக்கு: பனி, பேருந்து, சேப்பங்கிழங்கு

‘ஓஷின்’ என்னும் பழைய ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரில் வரும் இடங்களைப் பார்க்க யாமகாட்டா மாகாணத்துக்குக் கிளம்பினோம். டோக்கியோவிலிருந்து அங்குள்ள ஓயிஷிதா வரை ஷின்கான்சென் அதிவேக ரயில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டாலும், சொன்ன நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அங்கிருந்து கின்சான் ஒன்சென் என்னும் வெந்நீர் ஊற்றுக் கிராமத்துக்குப் போகும் பேருந்துதான் நம் பொறுமையைச் சோதிக்கிறது. நாளொன்றுக்குச் சில நடைகளே உள்ளன. எங்கள் முறை வருவதற்குள் இருக்கைகள் நிரம்பிவிட, ஓட்டுநர் இரு கைகளையும் பெருக்கல் குறிபோல வைத்துக் காட்டிவிட்டுக் கதவை மூடிக்கொண்டார். வாடகைக் காரில் போகலாம் என்றால், பேருந்துக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்டார்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ரயில் பாஸின் விலையை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரேயடியாக 50,000 யென்னுக்கு ஏற்றியதில் ஏற்கெனவே வயிறு எரிந்துகொண்டிருந்ததால், அடுத்த பேருந்துக்கே காத்திருப்பது என்று முடிவு செய்தோம்.

அந்தக் காத்திருப்புதான் இப்பயணத்தின் ஆகச் சிறந்த பகுதியாக அமைந்தது. எங்களைப் போலவே இடம் கிடைக்காமல் நின்ற முதிய ஈரானியத் தம்பதியர், நாங்கள் எதற்காக வந்தோமோ அதற்காகவே வந்திருந்தார்கள். 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேவில் காலைதோறும் கால் மணி நேரம் ஒளிபரப்பாகி, 297 பகுதிகளில் முடிந்த ‘ஓஷின்’ தொடர்தான் அது. இலங்கையில் ரூபவாஹினியில் அதைப் பார்த்து வளர்ந்த என் மனைவியும் அந்த அம்மையாரும், பொது மொழி அரைகுறையாக இருந்தபோதிலும், காட்சிகளைக் கைச்சாடையால் நடித்துக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வாயைக் குறைப்பதற்காக, கருவுற்ற தாய் உறைபனி ஆற்றில் இறங்கி நிற்பதையும், அதைக் கண்ட சிறுமி ஓஷின் ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாக வேலைக்குப் போகச் சம்மதிப்பதையும், தோணியில் அவள் போகும்போது கரையில் நின்று தகப்பன் அழுவதையும் இருவரும் வரிசை மாறாமல் நினைவில் வைத்திருந்தார்கள்.

எழுத்தாளர் சுகாகோ ஹாஷிதா, ஓஷினை ஷோவா பேரரசர் ஹிரோஹித்தோ பிறந்த அதே 1901-இல் பிறந்தவளாகப் படைத்தார். உள்நாட்டில் சராசரியாக 52.6 விழுக்காட்டுப் பார்வையாளர்களைப் பெற்ற இத்தொடர், பின்னர் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. நல்ல கதை தானே பரவிவிட்டது என்று சொல்வது பாதி உண்மைதான். வளரும் நாடுகள் பலவற்றுக்கு ஜப்பான் அறக்கட்டளை என்னும் அரசுசார் பண்பாட்டு அமைப்பு இதை இலவசமாகவே வழங்கியது. பணமில்லாத தொலைக்காட்சி நிலையங்களுக்கு நெடுந்தொடர் ஒன்று சும்மா கிடைத்தது. கார்களையும் வானொலிப் பெட்டிகளையும் விற்கும் நாடு என்று மட்டுமே அறியப்பட்டிருந்த ஜப்பானுக்கோ, தானும் பட்டினி கிடந்த நாடுதான் என்று உலகுக்குக் காட்ட ஒரு வழி கிடைத்தது. அனுப்பி வைத்தது அரசியல் என்றாலும், பார்த்தவர்களைப் பிடித்து வைத்தது பசியும் மாமியாரும்தான் என்பது என் கணிப்பு. ஓஷினின் சாகா ஊர் மாமியாரை அத்தனை கொடுமைக்காரியாகக் காட்டியதற்கு அந்த ஊர்க்காரர்களே ஆட்சேபம் தெரிவித்தார்கள் என்றால், அந்தப் பாத்திரம் எவ்வளவு உறைத்திருக்க வேண்டும்!

போரும் பங்கீட்டு அட்டையுமாக இருந்த ஈரானில் இது எந்த அளவுக்குப் போனது என்பதற்கு 1989 ஜனவரியில் நடந்ததே சான்று. நபிகளின் மகள் ஃபாத்திமாவின் பிறந்தநாளையொட்டிய வானொலி நிகழ்ச்சியில், தனக்கு முன்மாதிரி ஓஷின்தான் என்று ஒரு பெண் சொல்லிவிட, அதைக் கேட்டுக் கொதித்த ஈரானின் உச்சத் தலைவர் கொமேனி, ஒலிபரப்பியவர்களைத் தண்டிக்கும்படி எழுதினார். தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் மன்னிப்பும் வழங்கப்பட்டது. இதைச் சொல்லும்போது அந்த அம்மையாரின் கணவர் சிரித்தார், அம்மையார் சிரிக்கவில்லை.

கின்சான் ஒன்சென், ஓஷினின் தாய் வேலைக்குச் சென்ற ஊராகத் தொடரில் வருகிறது. 1913-இல் வெள்ளம் அடித்துச் சென்ற பின் எழுப்பப்பட்ட மூன்று, நான்கு மாடி மர விடுதிகள் ஓடையின் இருமருங்கிலும் நிற்க, மாலையில் எரிவாயு விளக்குகள் ஏற்றப்படும்போது ஊர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலத்தின் மேல் படமெடுக்க நின்ற கூட்டத்தில் நாங்கள் பேசிப் பார்த்த இளைஞர் எவருக்கும் ஓஷின் யாரென்று தெரியவில்லை. ஓஷின் வீட்டார் உண்ட முள்ளங்கிச் சோறு எங்காவது கிடைக்குமா என்று தேடினேன். கண்ணில் பட்டதெல்லாம் விலையுயர்ந்த மாட்டிறைச்சி. இரவு தங்கும் கட்டணத்தைப் பார்த்துவிட்டுக் கடைசிப் பேருந்திலேயே கீழே இறங்கிவிட்டோம்.

மொகாமி ஆறும் சகாத்தா துறைமுகமும்தான் கொடுத்த காசுக்கு நிறைவு தந்தன. ஃபுருகுச்சியில் ஏறும் சுற்றுலாப் படகில் கணப்புப் பொருத்திய தாழ்வான மேசைமேல் மெத்தையை விரித்திருக்கிறார்கள்; கால்களை அதற்குள் நுழைத்துக்கொண்டு, படகோட்டி பாடும் ஆற்றுப் பாட்டைக் கேட்டபடி, சிறுமி தோணியில் போன அதே ஆற்றைச் சொகுசாகப் பார்ப்பதில் சிறிது கூச்சம் இருக்கவே செய்தது. சகாத்தாவில் 1893-இல் கட்டப்பட்ட சாங்க்யோ நெற்கிடங்குகள் 2022 வரை கிடங்குகளாகவே பயன்பட்டன. பின்புறத்தில் வெயிலையும் கடற்காற்றையும் தடுக்க நட்ட கெயாக்கி மரங்களுக்கும் கறுத்த பலகைச் சுவருக்கும் இடையே நடக்கும்போது, அரிசியை ஆளின் விலையாகப் பேசிய காலத்தைக் கற்பனை செய்வது கடினமாக இல்லை.

சகாத்தாவில் ஒரு சிறிய கடையில் இமோனி என்னும் கிழங்குக் குழம்பைச் சாப்பிட்டேன். உள்நாட்டுப் பகுதியில் மாட்டிறைச்சியும் சோயா சாஸும் சேர்ப்பார்கள்; கடலோரத்தில் பன்றி இறைச்சியும் மிசோ என்னும் புளித்த சோயா விழுதும். இரண்டிலும் தலைவன் சேப்பங்கிழங்குதான். நம் வீட்டு வறுவலில் மொறுமொறுப்பாகும் அதே கிழங்கு இங்கே வழுவழுவென்று வெந்து, குழம்பைக் கெட்டியாக்கி, நாக்கில் கரைகிறது. விலையும் கையைக் கடிக்கவில்லை. இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன்.

போக நினைப்பவர்கள் சகாத்தாவில் தங்கிக்கொண்டு, கின்சானை வார நாளில் காலை முதல் பேருந்தில் பார்த்துத் திரும்புங்கள். குளிர்காலத்தில் மாலைக்குப் பிறகு வெளியிலிருந்து வருவோருக்குக் கட்டுப்பாடுகள் வந்திருப்பதால், கிளம்பும் முன் விதிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.