ட்ரைவ்வேக்குத் தார் போட முன்னம்

ரொறொன்ரோப் பக்கம் ஒரு வீட்டுத் தார் ட்ரைவ்வே ஐந்தாறு வின்டருக்குள் வெடித்துக் கிடக்கும். பக்கத்து வீட்டில் போட்டது இருபது வருடம் தாங்கும். இரண்டுக்கும் ஒரே ஆலையிலிருந்துகூடத் தார்க்கலவை வந்திருக்கலாம். வித்தியாசம் கீழே இருக்கிறது: எவ்வளவு தோண்டினார்கள், என்ன போட்டு எப்படி இறுக்கினார்கள், தண்ணி ஓட வழி விட்டார்களா. விலை விசாரிக்கிறவர்களில் பலர் இதைக் கேட்பதேயில்லை. காசு வீணாகிற இடம் அதுதான்.

தண்ணி உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். வெடிப்புக்குள் நிற்கிற தண்ணி அப்படித்தான் வெடிப்பை விரிக்கிறது. ஆனால் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. களிமண்ணும் வண்டல்மண்ணும் உறையும்போது அடியிலுள்ள ஈரத்தை மேலே இழுத்து, மண்ணுக்குள்ளேயே தட்டுத் தட்டாகப் பனிக்கட்டி கட்டும். ஈரம் கூடிய இடம் அதிகம் எழும்பும், காய்ந்த இடம் அப்படியே இருக்கும், நடுவில் தார் முறியும். ரொறொன்ரோவில் உறைபனி சுமார் 4 அடி வரை இறங்குகிறது. ட்ரைவ்வேக்காக அவ்வளவு ஆழம் யாரும் தோண்டப் போவதில்லை. தண்ணி தங்காத அடித்தளம் போடுவதும், வருகிற தண்ணியை வெளியே திருப்புவதும்தான் எங்கள் கையில் இருக்கிறது.

வின்டரைவிட மார்ச், ஏப்ரல் மோசம். மேல்மண் முதலில் இளகும், கீழ்மண் இன்னும் உறைந்தே இருக்கும். இடையில் சிக்கிய தண்ணிக்குப் போக்கிடம் இல்லை; களிமண் சேறாகிப் பலம் இழக்கும். வீடு மாறுகிற லொறியோ குப்பைத்தொட்டி இறக்குகிற லொறியோ அந்த நேரம் ஏறினால், முதலைத்தோல் மாதிரிக் கட்டம் கட்டமாக வெடிப்பு விழும். ஒன்ராறியோவின் கிராமப்புற வீதிகளில் அந்தக் காலத்தில் லொறிகளின் சுமைக்கு வரம்பு வைப்பதும் இதனால்தான்.

தோண்ட முன்னம், நிலத்தடிக் குழாய்களைக் குறிக்க ஏற்பாடு செய்கிற 'ஒன்ராறியோ வன் கோல்' சேவைக்கு அறிவிக்கவேண்டும். இது சட்டம். காசு கிடையாது, காஸ், மின்சாரம், தொலைபேசிக் குழாய்கள் போகிற இடங்களில் நிறம் அடித்துக் குறித்துவிட்டுப் போவார்கள். குறி வரமுன்னம் இயந்திரத்தை இறக்குகிற கொந்தராத்துக்காரரை நம்பாதீர்கள்.

களிமண் நிலத்தில் இறுக்கிய பின் 8 அங்குலம் சல்லி நிற்கவேண்டும், அதற்கு மேல் இரண்டரை அங்குலம் தார். ஆகப் பத்தரை அங்குலம் தோண்டவேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, இருக்கிற மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலச் சல்லியைத் தூவிப் போவது பலர் செய்கிற வேலை. அடுத்த வசந்தத்திலேயே அது தெரியவரும். மண்ணுக்கும் சல்லிக்கும் நடுவில் நெய்த ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தால், சேறு மேலேறிச் சல்லியோடு கலக்காது. மொத்தச் செலவோடு பார்த்தால் துணியின் விலை சிறிது. களிமண்ணில் அதை நான் விடவே மாட்டேன்.

சல்லி என்றால் 'கிரானுலர் ஏ': முக்கால் அங்குலக் கல் முதல் தூள் வரை கலந்த உடைகல். ஒரே அளவான உருண்டைக் கல் பூட்டிக்கொள்ளாது, உருளும். எட்டு அங்குலத்தையும் ஒரே தரத்தில் கொட்டி மேலால் ரோலர் ஓட்டினால் மேற்பக்கம் மட்டும் இறுகும். நாலு அங்குலம் போட்டு, சற்று ஈரமாக்கி இறுக்கி, பிறகு அடுத்த நாலு. ரோலர் போகும்போது முன்னால் தரை அலை மாதிரி அசைகிறதா என்று குனிந்து பாருங்கள். அசைந்தால் அடியில் சேறு இருக்கிறது. அந்த இடத்தைத் தோண்டி எடுத்துச் சல்லி நிரப்பாமல் தார் போடவே கூடாது.

18 அடி அகலம், 33 அடி நீளமான இரண்டு கார் ட்ரைவ்வேக்குச் சுமார் 25 தொன் சல்லியும் எட்டரைத் தொன் தார்க்கலவையும் வேண்டும். ஒரு சிறிய லொறியில் சல்லி வந்திறங்கினால், கணக்கு எங்கேயோ குறைகிறது என்று அர்த்தம்.

வாட்டம் குறைந்தது 2 சதவீதம். 33 அடிக்கு எட்டு அங்குலம் இறக்கம், வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக. கூரைத்தண்ணி இறங்குகிற குழாயின் வாய் ட்ரைவ்வேயைப் பார்த்திருந்தால் முதலில் அதைத் திருப்புங்கள். கரையோரமாக அடியில் போகிற தண்ணிதான் ஒரு பக்கத்தை மட்டும் தாழவைக்கிறது. கராஜ் வாசலைத் தனியாகக் கவனிக்கவேண்டும். வீடு கட்டும்போது அத்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, பிறகு நிரப்பிய மண் அது. வருடக்கணக்கில் தாழும், தாழ்ந்தால் தண்ணி கராஜ் பக்கமே ஓடும். அந்த நாலைந்து அடியைக் கூடுதலாகத் தோண்டி, சிறு இயந்திரத்தால் அடுக்கடுக்காக இறுக்கவேண்டும். கொங்கிறீட்டும் தாரும் சந்திக்கிற கோட்டை ரப்பர் நிரப்பியால் அடைக்கவும் வேண்டும்.

இனித் தார். வீடுகளுக்கு வழக்கமாக எச்எல் 3 கலவை. தென் ஒன்ராறியோவில் அதற்குள் இருக்கிற பிணைப்புத்தார் பிஜி 58-28 வகை. 28 என்பது மைனஸ் 28 பாகைக் குளிரைக் குறிக்கிறது. ஒப்பந்தத்தில் 'மூன்று அங்குலத் தார்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது இறுக்க முன்னமா, இறுக்கிய பின்னா என்று கேளுங்கள். இறுக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு குறையும். 'இறுக்கிய பின் இரண்டரை அங்குலம்' என்ற வார்த்தை கடதாசியில் இருக்கட்டும், சல்லியின் தடிப்பும் அப்படியே. வேறெங்கோ மிஞ்சிய தார் சூடாக லொறியில் இருக்கிறது, மலிவாகப் போட்டுத் தருகிறோம் என்று கதவைத் தட்டுகிறவர்களுக்குத் தலையாட்டாதீர்கள். 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் வீட்டு வாசலில் கையெழுத்தாகியிருந்தால், 10 நாளுக்குள் அதை ரத்துச் செய்ய ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் உரிமை தருகிறது.

கலவை ஆலையிலிருந்து 150 பாகைச் சூட்டில் புறப்படும். 80, 85 பாகைக்கு இறங்க முன்னம் ரோலர் வேலை முடியவேண்டும். பிந்தி உருட்டினால் மேலே மட்டமாகத் தெரிந்தாலும் உள்ளே காற்றறைகள் நிற்கும். அதற்குள் தண்ணி போய், கற்கள் ஒவ்வொன்றாகக் கழரும். நவம்பர்க் காற்றில் மெல்லிய படை நிமிடங்களில் ஆறிவிடுவதால், வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போன பிறகு போடாமல் வசந்தம் வரை காத்திருப்பது நல்லது. ஓரங்களை 45 பாகைச் சரிவாகத் தட்டி இறுக்கி, பக்கத்தில் மண் அணைக்கவேண்டும். அணைப்பில்லாத ஓரத்தில் சில்லு ஏறினால் துண்டு துண்டாக உடையும்.

முதல் மூன்று நாள் கார் வேண்டாம். கடும் வெயில் என்றால் ஒரு கிழமை. முதல் கோடை முழுக்க நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள், மேற்பரப்பு உரிந்து வட்டத் தழும்பு விழும். மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் ஜாக்குக்கும் கீழே பலகைத்துண்டு வையுங்கள்.

சீலர், அதாவது தாரின் மேல் பூசுகிற பாதுகாப்புப் பூச்சு, முதல் வருடம் பூசக்கூடாது. பிறகும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். வருடாவருடம் பூசினால் படை தடித்துச் செதில் செதிலாக உரியும். தண்ணியில் கரைத்த வகைக்கு இரவிலும் 10 பாகைக்கு மேல் வேண்டும், 24 மணிநேரம் மழை கூடாது. ஆகவே செப்டெம்பருக்குள் முடியுங்கள். சீலர் முதலைத்தோல் வெடிப்பை மறைக்கும், மாற்றாது. அடித்தளம் போன இடத்தை வெட்டியெடுத்துச் சல்லியிலிருந்து திரும்பப் போடுவதுதான் வழி.

கால் அங்குலத்துக்கு மேற்பட்ட தனி வெடிப்புக்கு ரப்பர் நிரப்பி. புல்லைப் பிடுங்கி, காற்றால் ஊதி, நன்றாகக் காயவிட்டு ஊற்றவேண்டும். ஈரத்தில் ஊற்றினால் ஒட்டாது, வின்டரில் கீற்றாகக் கழன்று வரும். ஆழமானால் முதலில் நுரைக்கயிற்றை உள்ளே தள்ளி, மேலே அரை அங்குலம் மட்டும் நிரப்புங்கள். மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் ஸ்னோ அள்ளுகிற தகடு அதைப் பிய்க்காது. எண்ணெயும் பெற்றோலும் தாரைக் கரைக்கும். சொட்டினால் பூனைமண் (வளர்ப்புப் பூனை கழிக்கப் போடுகிற மண்) போட்டு உறிஞ்சி, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவுங்கள்.

உப்பு கொங்கிறீட்டை அரிக்கிற மாதிரித் தாரை அரிக்காது. ஆனால் உருகின உப்புத்தண்ணி வெடிப்பில் இறங்கித் திரும்பத் திரும்ப உறையும், அதனால் இலையுதிர் காலத்திலேயே வெடிப்புகளை அடைத்துவிடவேண்டும். மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பு வேலை செய்யாது, அந்த நாட்களில் மணல் தூவுங்கள். ஸ்னோ புளோவரின் அடியில் தரையைத் தொட்டு ஓடுகிற சப்பாத்தைச் சரிசெய்து, சுரண்டுகிற தகடு தரையிலிருந்து கால் அங்குலம் உயர்ந்து நிற்க வையுங்கள். தள்ளுகிற கொந்தராத்துக்காரர் வருவதென்றால் தகட்டில் ரப்பர் விளிம்பு இருக்கிறதா என்று முதல் ஸ்னோவுக்கு முன்னமே கேட்டுவிடுங்கள். தாரின் ஓரங்களைக் காட்டும் கம்புகளையும் நிலம் உறைய முன்னம் நட்டால்தான் இறங்கும்.