எக்ஸ்சேஞ்சா, நேரடிச் சேர்க்கையா: உங்கள் பெயர் யாருடைய பதிவேட்டில்?

வெளிநாட்டில் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் முதலில் வரும் கேள்வி எந்த நாடு என்பது. அடுத்தது எவ்வளவு செலவு. இரண்டையும் கேட்பதற்கு முன்னால், அங்கே படிக்கும் மாதங்களில் உங்கள் பெயர் யாருடைய பதிவேட்டில் இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். கட்டணம் யாருக்கு, மதிப்பெண் எங்கே ஏறும், ஃபெயில் ஆனால் என்ன நடக்கும், சிக்கல் வந்தால் யார் கதவைத் தட்டுவது எல்லாம் இந்த ஒரு பதிலில்தான் தொங்குகின்றன. நான் இளங்கலையில் ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் இத்தாலிக்குப் போனேன். பிறகு முதுகலைக்கு ஜெர்மனியில் நேரடியாகச் சேர்ந்தேன். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே போனால் வேறு வேறு.

எக்ஸ்சேஞ்ச் என்பது இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். அவர்கள் சிலரை அனுப்புவார்கள், நாம் சிலரை அனுப்புவோம். கல்விக் கட்டணத்தைப் பெரும்பாலும் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே கட்டுவீர்கள், போகிற இடம் வாங்காது. ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் 1987-இல் 11 நாடுகளுக்குள் 3,244 மாணவர்களோடு தொடங்கியது. இன்று ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களும் அதற்குள் வருகின்றன. அது இல்லாமலும் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்வது உண்டு. முறை ஒன்றுதான்: முதலில் உங்கள் பல்கலைக்கழகம் உங்களைத் தேர்ந்தெடுத்து நாமினேட் செய்யும், அதற்குப் பிறகுதான் அங்கே விண்ணப்பம். நாமினேஷன் இல்லாமல் அந்தப் பக்கம் நீங்களாக எழுதிப் பயனில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். பல ஒப்பந்தங்கள் பல்கலைக்கழகம் முழுவதற்குமானவை அல்ல, ஒரு துறைக்கு மட்டுமானவை. இணையதளத்தில் கூட்டாளிப் பல்கலைக்கழகங்கள் என்று நீளமாகப் பட்டியல் இருக்கும். உங்கள் துறைக்கு அதில் நாலைந்துதான் தேறும். அதனால் சர்வதேசத் தொடர்பு அலுவலகத்தில் "என் துறைக்கு, என் வருடத்துக்கு, எத்தனை இடம்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பெயர் பெற்ற இடத்துக்கு எல்லோரும் முண்டியடிப்பார்கள். அதே பட்டியலில் யாரும் கேட்காத ஒரு நல்ல துறை காலியாகக் கிடப்பதும் உண்டு. என் கருத்து, ஒரு செமஸ்டருக்குப் போகிறவருக்கு ஊர் பெயரைவிட அங்கே உங்களுக்கு ஒத்துவரும் பாடங்கள் நடக்கின்றனவா என்பதுதான் பெரிது.

நேரடிச் சேர்க்கையில் இரண்டு வகை. ஒன்று முழுப் பட்டப்படிப்பு. மற்றொன்று, ஒப்பந்தம் எதுவும் இல்லாத பல்கலைக்கழகத்தில் ஒன்றிரண்டு செமஸ்டருக்கு மட்டும் வருகை மாணவராகச் சேர்வது. இரண்டிலும் நீங்களே விண்ணப்பிக்கிறீர்கள், அவர்கள் கட்டணத்தை அவர்களுக்கே கட்டுகிறீர்கள். முழுப் படிப்புக்கு நாட்டுக்கு நாடு வாசல் வேறு. பிரிட்டனில் இளங்கலைக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக ஒரே விண்ணப்பத்தில் ஐந்து படிப்புகள் வரை தேர்ந்தெடுக்கலாம். ஸ்வீடனில் ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே பொது இணையதளம். ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுச் சான்றிதழ்களை யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பிடம் அனுப்பச் சொல்லும், சில நேரடியாகவே வாங்கிக்கொள்ளும். இதில் கடைசி நாள் என்பது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய நாள் மட்டுமல்ல, தாள்கள் சரிபார்க்கப்படவும் வாரக்கணக்கில் ஆகும் என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

அமெரிக்காவில் இந்த வித்தியாசம் விசாவிலேயே தெரியும். எக்ஸ்சேஞ்ச் மாணவருக்கு வழக்கமாக ஜே-1, நேரடியாகப் பட்டத்துக்குச் சேர்பவருக்கு எஃப்-1. ஜே-1 வாங்கும் சிலருக்கு, உதாரணமாக அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு, படிப்பு முடிந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொள்ளும். பிறகு அங்கேயே வேலை என்று திட்டம் வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

இப்போது கிரெடிட், அதாவது ஒரு பாடத்தின் சுமைக்கு ஏற்பத் தரும் புள்ளி, பற்றிய விஷயம். எக்ஸ்சேஞ்ச் போகிறவர்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், பெரும்பாலோர் குறைவாகச் செலவழிப்பதும் இங்கேதான்.

ஐரோப்பாவில் ஈசிடிஎஸ் என்ற கிரெடிட் முறை. முழு வருடத்துக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், தேர்வுக்குப் படிப்பது எல்லாம் சேர்த்து. பிரிட்டனில் வருடத்துக்கு 120, ஆகவே அவர்களுடைய 10 என்பது ஈசிடிஎஸ் கணக்கில் 5. அமெரிக்காவில் ஒரு செமஸ்டருக்கு வழக்கமாக 15. உங்கள் பல்கலைக்கழகம் வகுப்பு நேரத்தை மட்டும் வைத்துக் கிரெடிட் தருகிறதென்றால் எண்ணுக்கு எண் ஒப்பிடுவது அர்த்தமில்லை. முழு செமஸ்டரின் சுமையில் அந்தப் பாடம் எத்தனை பங்கு என்று பாருங்கள். ஒருங்கிணைப்பாளரிடம் வாதாடும்போதும் இந்தக் கணக்குதான் எடுபடும்.

போவதற்கு முன்பு லேர்னிங் அக்ரிமென்ட் என்ற ஒரு தாள் தயாராகும். அங்கே எந்தப் பாடங்கள், அவை இங்கே எந்தப் பாடங்களுக்கு ஈடு என்று எழுதி நீங்களும் இரண்டு பல்கலைக்கழகங்களும் கையெழுத்துப் போடுவது. இதை ஒரு சடங்காக நினைத்து அவசரத்தில் நிரப்புகிறவர்கள் திரும்பி வந்து அரியர் எழுதுகிறார்கள். என்னோடு வந்த ஒருவருக்கு அங்கே எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண். ஆனால் ஒரு கட்டாயப் பாடத்துக்கு ஈடு என்று துறைத்தலைவர் வாய்வார்த்தையாகத்தான் ஒத்துக்கொண்டிருந்தார். என்னோடு வந்தவர் திரும்பி வருவதற்குள் துறைத்தலைவர் மாறிவிட்டார். புதியவர் சிலபஸைப் பார்த்துவிட்டு, பாதிதான் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டார். அப்புறம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே எல்லாம் எழுத்தில், குறைந்தது மின்னஞ்சலில் இருக்கட்டும். பாடத்தின் பெயரை மட்டும் காட்டாதீர்கள். வாரவாரியாக என்ன நடத்துகிறார்கள், எந்தப் புத்தகம், எத்தனை மணி நேரம் என்ற முழு விவரத்தையும் இணையுங்கள். தேவைக்கு மேல் இரண்டு மூன்று பாடங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வையுங்கள். ஏனென்றால் அங்கே போனதும் ஒரு பாடம் இந்த செமஸ்டர் இல்லை என்பார்கள், இன்னொன்று உள்ளூர் மொழியில் மட்டும் என்பார்கள், மூன்றாவது வேறொன்றோடு மோதும். பட்டியலை மாற்ற வழி உண்டு. ஆனால் வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள், மறுபடியும் மூன்று கையெழுத்தோடு. கட்டாயப் பாடங்களை முடிந்தவரை இங்கேயே முடித்துவிட்டு, விருப்பப் பாடங்களை அங்கே வைத்துக்கொள்வது நிம்மதி.

மதிப்பெண் எப்படி ஏறும் என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் பாஸ் என்று மட்டும் பதிவாகும், சராசரியில் சேராது. சில இடங்களில் மாற்றி ஏற்றுவார்கள். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி. பிரான்ஸில் 20-க்கு 10 எடுத்தால் பாஸ், 16 என்பதே பிரமாதம். பிரிட்டனில் 70 தாண்டினால் முதல் வகுப்பு. இத்தாலியில் 30-க்கு 18 தேர்ச்சி. இதெல்லாம் தெரியாமல் நூற்றுக்கு எத்தனை என்று நேராகப் பெருக்கிப் போட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம். உங்கள் அலுவலகம் எந்த அட்டவணையை வைத்து மாற்றுகிறது என்பதைப் போவதற்கு முன்பே வாங்கிப் பாருங்கள்.

நேரடிச் சேர்க்கையிலும் மதிப்பெண் மாற்றம் உண்டு, எதிர்த்திசையில். ஜெர்மனியில் பவேரியச் சூத்திரம் என்று ஒன்றைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 10-க்கு 8 எடுத்த ஒருவருக்கு, தேர்ச்சி 5 என்றால் 2.2 வரும்; தேர்ச்சி 4 என்றால் 2.0. அதே மதிப்பெண்தான், தேர்ச்சி எல்லை மட்டும்தான் வேறு. சேர்க்கைக்கு ஒரு எல்லை வைத்திருக்கும் படிப்பில் இந்த வித்தியாசம் உள்ளேயா வெளியேயா என்று தீர்மானித்துவிடும். அதனால் உச்சமும் தேர்ச்சி எல்லையும் அச்சிட்ட அதிகாரப்பூர்வக் கடிதம் ஒன்றைப் பல்கலைக்கழகத்திடம் வாங்கி இணைத்துவிடுங்கள்.

தேர்வு முறைக்கு வருவோம். இத்தாலியில் பல பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வுதான் முதன்மை. பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும், பின்னால் மற்ற மாணவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். எழுதிப் பழகிய கைக்கு இது முதலில் திகில். ஆனால் தயார் செய்யும் விதத்தை மாற்றினால் பிடிபட்டுவிடும்: ஒவ்வொரு தலைப்பையும் பத்து நிமிடம் சத்தமாகப் பேசிப் பாருங்கள், நண்பர் ஒருவரை இடையில் "ஏன்?" என்று கேட்கச் சொல்லுங்கள். வரையறைகளை ஒப்பிப்பவரை அடுத்த கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். முன்கூட்டியே போய் மற்றவர்களின் தேர்வைக் கேட்டால் அந்தப் பேராசிரியரின் போக்கு தெரியும். ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வு நாட்கள் தருவார்கள். பல இடங்களில் கிடைத்த மதிப்பெண் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லி மறுபடி எழுதவும் விடுவார்கள். எக்ஸ்சேஞ்ச் மாணவர் முதல் நாளுக்கே பதிந்துகொள்வது நல்லது, விமான டிக்கெட்டுக்கு முன்னால் இன்னொரு வாய்ப்பு மிச்சம் இருக்கும்.

ஜெர்மனியில் வகுப்புக்குப் பதிவது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. செமஸ்டர் நடுவில் அதற்கென்று ஒரு காலவரம்பு வரும். தவறவிட்டால் எல்லா வகுப்புக்கும் போயிருந்தாலும் தேர்வு இல்லை. நேரடியாகச் சேர்ந்தவருக்கு இன்னொரு கண்டிப்பும் உண்டு. ஒரு கட்டாயப் பாடத்தில் பொதுவாக மூன்று முறைதான் வாய்ப்பு. மூன்றும் போனால் அந்தப் படிப்பே முடிந்தது, நாட்டின் வேறு பல்கலைக்கழகத்தில் அதே படிப்பில் சேர்வதும் பெரும்பாலும் அடைபட்டுவிடும். எக்ஸ்சேஞ்சில் வந்தவருக்கு ஃபெயில் என்றால் அந்தக் கிரெடிட் வராது, அவ்வளவுதான். விருந்தாளிக்கும் வீட்டு ஆளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே நன்றாகத் தெரியும்.

கால அட்டவணை மோதுவதைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும், தேர்வுகள் பிப்ரவரியிலும் அதற்கு அப்பாலும் போகும். ஜப்பானில் கல்வி ஆண்டு ஏப்ரலில், ஆஸ்திரேலியாவில் பிப்ரவரி மார்ச்சில். உங்கள் அடுத்த செமஸ்டர் ஜனவரியில் என்றால் இடிக்கும். தேர்வு முடிந்து டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) வர மேலும் பல வாரங்கள் ஆகும் என்பதால் கடைசி செமஸ்டரில் எக்ஸ்சேஞ்ச் போகவே வேண்டாம் என்பேன். பட்டம் தள்ளிப்போகும்.

விசா, தங்குமிடம் பற்றிச் சுருக்கமாக: அனுமதிக் கடிதம் வந்த அன்றே விசா நேரம் பதிவு செய்யுங்கள், ஹாஸ்டல் விண்ணப்பத்தையும் அன்றே போடுங்கள். கட்டணம் இல்லை என்பதற்காகச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டாம் என்று பொருளில்லை. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் போன்ற ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். எக்ஸ்சேஞ்சுக்குச் சில இடங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தின் மொழிச் சான்றையே ஏற்கும். கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

யாருக்கு எது? வெளியே போய்ப் படிப்பது ஒத்துவருமா என்று தெரியாதவருக்கு, இங்கே பட்டம் பாதியில் இருப்பவருக்கு எக்ஸ்சேஞ்ச். அந்த நாட்டுப் பட்டம் வேண்டும், அங்கே வேலை தேட வேண்டும் என்றால் நேரடிச் சேர்க்கை. ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சை வைத்து அந்த வாசல் தானாகத் திறக்காது. ஒப்பந்தமில்லாத இடத்தில் வருகை மாணவராகப் போவதை, அந்தத் துறையில் குறிப்பிட்ட ஒரு பாடமோ ஆய்வகமோ உங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் யோசியுங்கள். முழுக் கட்டணம் கட்டிவிட்டு, கிரெடிட் ஏற்புக்கும் நீங்கள்தான் அலைய வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. வந்த நாள், போகும் நாள் குறித்த சான்றில் கையெழுத்து வாங்குங்கள். டிரான்ஸ்கிரிப்ட் உங்களுக்கு வருமா, நேரே உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகுமா என்று கேளுங்கள். படித்த பாடங்களின் சிலபஸை எல்லாம் அந்த ஆண்டின் பதிப்பாகவே தரவிறக்கி வையுங்கள், அடுத்த ஆண்டு பக்கம் மாறிவிடும். அவர்கள் தந்த மின்னஞ்சல் கணக்கு கொஞ்ச நாளில் மூடப்படும். ஒப்புதல் கடிதங்கள் அதில் கிடந்தால் முன்பே சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்.