இரண்டு முறை செத்த துப்பாக்கி

கார்கோ ஷெட்டிலிருந்து போன் வந்தபோது மாலை நான்கு மணி இருக்கும். "உங்க பெட்டியை எக்ஸ்ரேயில பார்த்தோம். துப்பாக்கி தெரியுது, அது பேப்பர்ல இருக்கு, சரி. அஞ்சு தோட்டாவும் தெரியுதே, அது எங்க இருக்கு?" என்றார் அங்கிருந்தவர். கோப்பைப் புரட்டினேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், உரிமம், சான்றிதழ் எல்லாம் வரிசையாக இருந்தன. தோட்டா என்ற சொல் எதிலும் இல்லை.

சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ஆவணம் தயாரிப்பது என் வேலை. பம்பு, பேரிங், சாயப்பொடி, பிளாஸ்டிக் குருணை என்று எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூட அதன் ஹெச்.எஸ். கோடு, அதாவது சுங்க வகைப்பாட்டு எண்ணைச் சொல்லிவிடுவேன். துப்பாக்கி மட்டும் எங்கள் பக்கம் வந்ததே இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய துப்பாக்கியை வரவழைக்க வேண்டும் என்று அந்தப் பெரியவர் முதன்முதலாக வந்தபோது, எங்கள் முதலாளி கும்பிடு போடாத குறையாக அவரை அனுப்பிவிடத்தான் பார்த்தார். ஆனால் அவர் ஏற்கெனவே நான்கு அலுவலகங்களில் அப்படிக் கும்பிடு வாங்கிக்கொண்டு வந்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சார் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஓய்வுபெற்ற பொறியாளர். இரண்டு உலகப் போர்களில் புழங்கிய சாமான்களைச் சேர்ப்பவர்: ஹெல்மெட், தண்ணீர்க் குடுவை, களத்து டெலிபோன், உறையோடு ஒரு பயனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. அந்த பயனெட் 1907 மாதிரி. அது பொருந்துகிற துப்பாக்கியும் பிரிட்டிஷ் ராணுவம் 1907-இல் ஏற்றுக்கொண்ட லீ-என்ஃபீல்டு மார்க் 3. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை.

"சுடுற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது தம்பி. போல்ட்டை இழுத்துத் தள்ளுனா ஒரு சத்தம் வருமே, அது போதும்" என்றார். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் உருளைதான் போல்ட். அந்தச் சத்தத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அதனால் அவர் வாங்க நினைத்தது செயலிழக்கச் செய்த, அதாவது இனிச் சுடவே முடியாத துப்பாக்கி. செயலிழக்கச் செய்வது என்றால் ட்ரிகரைக் கழற்றிவிடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் அது பழுதான துப்பாக்கி, அவ்வளவுதான். பழுது பார்த்தால் சுடும். 2001-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட துப்பாக்கிகள் குறித்த நெறிமுறை, அதன் 9-ஆவது பிரிவில் இதைவிட நிறையக் கேட்கிறது. முக்கியமான பாகங்கள் அத்தனையும் நிரந்தரமாகப் பயனற்றுப் போக வேண்டும். கழற்றியோ மாற்றியோ திருத்தியோ மறுபடி சுட வைக்க வழி இருக்கக் கூடாது. அதைத் தகுதியுள்ள அமைப்பு ஒன்று சோதித்து, சான்றிதழ் தரவோ துப்பாக்கி மேலேயே முத்திரை குத்தவோ வேண்டும்.

இந்த 'நிரந்தரமாக' என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் 1988 சட்டத்தில் இதற்கு ஒரு வழி வகுத்தது. லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் இருக்கும் ப்ரூஃப் ஹவுஸ்கள், அதாவது துப்பாக்கிச் சோதனை நிலையங்கள், பார்த்து முத்திரையும் சான்றிதழும் தந்தால் போதும். ஆனால் 1995-இல் தானியங்கி ரகங்களுக்கான விதியை இறுக்கினார்கள். அமெரிக்காவில் ஒருமுறை மெஷின்கன் என்றால் என்றைக்கும் மெஷின்கன். குழலை அடைத்தாலும் ரிசீவர், அதாவது போல்ட் உட்கார்ந்திருக்கும் உடல்பகுதி, முழுசாக இருக்கிற வரை கணக்கு தீராது. குறிப்பிட்ட இடங்களில், ஒவ்வொரு வெட்டிலும் கால் அங்குல உலோகமாவது உருகிப் போகும்படி டார்ச்சால் அறுக்கச் சொல்கிறார்கள். அப்படி அறுத்த பிறகு கையில் மிஞ்சுவதைச் சேகரிப்பு என்பதா, பழைய இரும்பு என்பதா? இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டமோ, பழங்கால மாதிரியோ பழுதானதோ எதுவாக இருந்தாலும், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத ஆயுதத்துக்குத்தான் 45-ஆவது பிரிவில் விலக்கு தருகிறது. பழுது பார்த்தால் சுடுமா, சுடாதா என்று யார் சொல்வது? அங்கேதான் கோப்பு படுத்துக்கொள்ளும்.

ஐரோப்பிய ஒன்றியம் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக ஒரே விதியைக் கொண்டுவந்தது. 2015 டிசம்பரில் இயற்றி, 2016 ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அந்த 2015 ஜனவரியிலேயே பாரிஸ் தாக்குதல் நடந்திருந்தது. வெறும் சத்தத்துக்காக மாற்றி விற்கப்பட்ட ராணுவத் துப்பாக்கிகளை மறுபடி சுடும்படி திருத்தி அங்கே பயன்படுத்தியிருந்தார்கள். அதைப் படித்த பிறகு விதி கடுமையாக இருக்கிறதே என்று புலம்ப எனக்கு வாய் வரவில்லை. சாருக்கும் வரவில்லை. ஆனாலும் விதியின் பாரம், பழைய காகிதத்தோடு நேர்மையாக வந்து நிற்கிறவன் தலையில்தான் முதலில் இறங்குகிறது என்பது என் அனுபவம்.

சார் பிடித்து வைத்திருந்த துப்பாக்கி ஐரோப்பாவில் ஒரு வியாபாரியிடம் இருந்தது. 1917-இல் செய்தது. 1990-களில் செயலிழக்கச் செய்யப்பட்டது. குழலை அடைத்து, போல்ட்டின் முகத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். ஆனால் போல்ட் ஓடும். சேகரிப்பாளர்கள் இந்தப் பழைய முறைத் துப்பாக்கிகளைத்தான் தேடித் தேடி வாங்குவார்கள். காரணம் அந்த அசைவுதான்.

பழைய சான்றிதழின் நகலை வைத்து உரிமத்துக்கு விண்ணப்பித்தோம். மூன்று மாதம் கழித்து உரிமம் வந்தது, ஒரு நிபந்தனையோடு. ஏற்றுமதிக்கு முன்னால் தற்போதைய தரத்தின்படி மறுபடி செயலிழக்கச் செய்து, புதிய சான்றிதழ் இணைக்க வேண்டும்.

புதிய தரம் என்றால் என்ன என்று வியாபாரி படம் அனுப்பினார். குழலில் நீளவாக்கில் வெட்டு. தோட்டா உட்காரும் அறைக்குள் குறுக்காகக் கடின எஃகு ஊசி, அதைச் சுற்றி வெல்டிங். போல்ட்டை மூடிய நிலையிலேயே வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். பாகங்கள் மேல் முத்திரை: எந்த நாடு, எந்த அமைப்பு, எந்த ஆண்டு. சாரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அப்ப போல்ட் ஓடாதா?" என்றார். ஓடாது சார் என்றேன். அதற்கப்புறம் நான்கு நாள் அவரிடமிருந்து போன் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று முதலாளி சந்தோஷமாகவே இருந்தார். ஐந்தாம் நாள் காலையில் வந்து, "செய்யச் சொல்லிடு தம்பி. பயனெட்டாவது மாட்டலாம்ல?" என்றார்.

எந்த ஹெச்.எஸ். கோடில் போடுவது என்பதில் ஒரு வாரம் போனது. ராணுவ ஆயுதம் என்றால் 9301. மற்ற சுடும் ஆயுதம் என்றால் 9303. ஆனால் 93-ஆம் அத்தியாயத்தின் குறிப்பே சேகரிப்புப் பொருளும் நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளும் இங்கே வராது, 9705, 9706 பார் என்கிறது. கடைசியில் 9705 என்று நின்றது. அது நின்றதும் உரிமத் தொல்லை ஒழிந்தது என்று சார் நினைத்தார். ஒழியவில்லை. வரிக்கு அது சேகரிப்புப் பொருள், உரிமத்துக்கு ஆயுதம். ஒரே மேஜையில் இரண்டு பெயரோடும் கிடக்கும்.

சரி, அந்தத் தோட்டா விஷயம். வியாபாரி நல்ல மனுஷன், பெரியவர் இவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தாரே என்று ஓர் அன்பளிப்பு வைத்திருந்தார். லீ-என்ஃபீல்டில் தோட்டாக்களை ஐந்து ஐந்தாக ஒரு தகட்டுக் கிளிப்பில் கோத்து மேலிருந்து அழுத்தி ஏற்றுவார்கள். பயிற்சிக்கான போலித் தோட்டா ஐந்தை அப்படி ஒரு கிளிப்பில் கோத்து, பெட்டியின் மூலையில் செருகியிருந்தார். மருந்து கிடையாது, அதைப் பற்றவைக்கும் கேப் கிடையாது, ஓட்டில் துளை போட்டிருக்கும். கையில் எடுத்தால் குழந்தைக்கும் தெரியும். எக்ஸ்ரே திரையில் மட்டும் ஐந்தும் ஐந்து தோட்டாதான். அவற்றைத் தனியே எடுத்து, எங்களுக்கு வேண்டாம், அழித்துவிடுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்க நாள் குறித்தார்கள். பெட்டியும் பழைய ராணுவ மரப்பெட்டி. வெப்பத்தில் பதப்படுத்திய முத்திரை அதில் இல்லை என்று தாவர நோய்த் தடுப்புப் பிரிவு வந்து நின்றது வேறு. அதற்குத் தனியாக ஒரு கட்டணம், ஒரு கையெழுத்து.

திறந்த நாளை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பரிசோதனைக்கு வந்த அதிகாரி ஒரு பெண்மணி, குரல் உயர்த்திப் பேசாதவர். துப்பாக்கியை மேஜையில் கிடத்தி, குழலின் வெட்டைப் பார்த்தார், வெல்டிங்கைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். எல்லாம் சரி. அப்புறம் உரிமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சீரியல் நம்பரைத் தேடினார். ரிசீவரின் வலப்பக்க வளையத்தில் இருந்தது. நூறு வருஷத்து எண்ணெயும் கறுப்பும் ஏறி, எண் இருக்கிறது என்பது தெரிந்தது, என்ன எண் என்பது தெரியவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்தார். வளையத்தின் மேல் பட்டையாகத் தேய்த்து, விரலால் துடைத்தார். பள்ளங்களில் மட்டும் வெள்ளை தங்கி, எண் பளிச்சென்று எழுந்து நின்றது.

உரிமத்தில் இருந்த எண் அது இல்லை.

எனக்கு வியர்த்துவிட்டது. "வேற துப்பாக்கி வந்திருக்கா?" என்றார். இல்லை மேடம், இல்லை மேடம் என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை. சார்தான் முன்னால் வந்தார். "மேடம், போல்ட் கைப்பிடிக்குப் பின்னால ஒருவாட்டி தேய்ச்சுப் பாருங்க." தேய்த்தார். உரிமத்தில் இருந்த எண் அங்கே இருந்தது.

நடந்தது இதுதான். லீ-என்ஃபீல்டில் ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்தத் துப்பாக்கிக்கென்று அளவு பார்த்துப் பொருத்தி, துப்பாக்கியின் எண்ணையே போல்ட்டிலும் குத்துவார்கள். இந்தத் துப்பாக்கிக்கு எந்தக் காலத்திலோ, எந்தப் பட்டறையிலோ வேறொன்றின் போல்ட்டை மாட்டியிருக்கிறார்கள். 1990-களில் சான்றிதழ் எழுதியவர் போல்ட்டைப் பார்த்து எழுதிவிட்டார். நாங்கள் அதை நம்பி உரிமம் வாங்கிவிட்டோம். இரண்டாவது முறை சான்றளித்தவர் ஒழுங்காக ரிசீவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். இரண்டு சான்றிதழும் என் கோப்பில் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று வாரம் இருந்தன. நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. புதிய சான்றிதழ் வந்துவிட்டது என்று கட்டத்தில் டிக் போட்டேன், அவ்வளவுதான் செய்தேன். பேரிங் பெட்டிக்கு இன்வாய்ஸ் எண்ணை மூன்று முறை சரிபார்க்கிறவன் நான்.

அதிகாரி கோபப்படவில்லை. "எனக்குப் புரியுது. ஆனா என் கையில இருக்கிற உரிமத்துல இந்த எண் இல்லையே" என்றார். அவர் சொன்னதில் தவறு காண முடியாது. சான்றளித்த அமைப்பிடம் விளக்கக் கடிதம், வியாபாரியிடம் உறுதிமொழி, உரிம அலுவலகத்தில் திருத்தம் என்று ஏழு வாரம் ஓடியது. அத்தனை நாளும் டெமரேஜ், அதாவது சரக்கை எடுக்காமல் கிடத்தியதற்கான கட்டணம், ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் துப்பாக்கி விலையில் பாதியைத் தொட்டுவிட்டது. தவறு என்னுடையது என்பதால் அதில் ஒரு பங்கை நாங்கள் ஏற்றுக்கொள்ளலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். எங்கள் கட்டணத்தை மட்டும் விட்டுக்கொடுத்தார். சார் மீதியை எதுவும் சொல்லாமல் கட்டினார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

துப்பாக்கி வீட்டுக்குப் போன மறுநாள் என்னை வரச் சொன்னார். சுவரில் மரத்தாங்கியில் நிமிர்ந்து நின்றது, பயனெட் மாட்டி. பக்கத்தில் நின்றால் முனை நெற்றிக்கு மேல் போகிறது. வெட்டு தெரியாதபடி அந்தப் பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்திருந்தார். பேசிக்கொண்டே போல்ட் கைப்பிடியில் கையை வைத்து, மேலே தூக்கப் பார்ப்பதுபோல் ஒருமுறை அழுத்தினார். அது அசையவில்லை. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஒரு ப்ரென் இருக்காம் தம்பி, அதே ஆள்கிட்ட" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. ப்ரென் மெஷின்கன் ரகம், இன்னும் ஒரு படி கடினமான கோப்பு. முதலாளி முகம் ஒரு கணம் கண் முன்னால் வந்து போனது.

"விலை பேசறதுக்கு முன்னாடி, அவரை ஒரு சாக்பீஸ் வாங்கச் சொல்லுங்க சார்" என்றேன். "எண் எங்கெங்க இருக்கோ அத்தனை இடத்துலயும் தேய்ச்சு, படம் எடுத்து அனுப்பட்டும்."